நேற்று ஓடிய டிராக்டர் இன்று ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? முதலில் புகையைப் பாருங்கள்!

குறுவைக்குச் சேறடிக்க வேண்டிய நாள். நாற்றங்காலில் நாற்றுக்கு வயது 22 நாள். குறுகிய கால ரகங்களை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும், வயது ஏற ஏறத் தூர் கட்டுவது குறையும். வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்துவிட்டது. நடவு ஆட்களுக்கு மறுநாள் வரச் சொல்லியாகிவிட்டது. மன்னார்குடி பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் டிராக்டர் (என்னைவிட வயதில் மூத்தது) காலையில் வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது. வயல் வரை போனது. பத்து நிமிடத்தில் குதித்துக் குதித்து நின்றது. அதன்பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தும் அசையவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான்டா ஓடுச்சு" என்று பெரியப்பா நான்காவது முறை சொன்னபோது, பேட்டரியும் இறங்கிப்போயிருந்தது. வாடகைக்கு வண்டி கூப்பிடலாம் என்றால் அந்த வாரம் ஊர் முழுக்கச் சேறடிப்பு. யார் வண்டியும் சும்மா நிற்கவில்லை.

பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தோம். அவர் வேறொரு வயலில் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வர முடியாது. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா, வரலையா?"

பழைய டீசல் டிராக்டர் திடீரென்று நின்றுபோனால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதற்கான பதில் கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

டீசல் இன்ஜினுக்கு என்னதான் வேண்டும்?

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் நெருப்பு வைக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு சுருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890களில் செய்து காட்டியது இதைத்தான். இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆக, தேவை மூன்று. இன்ஜின் போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நன்றாகச் சுருங்க வேண்டும், சரியான நேரத்தில் காற்றுக்குமிழி இல்லாத டீசல் வர வேண்டும்.

இதில் 'திடீரென்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிஸ்டன் ரிங், வால்வு தேய்ந்து அழுத்தம் குறைவது மாதக்கணக்கில் நடப்பது. முதலில் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஆயில் குடிக்கும், இழுவை குறையும். நேற்று நன்றாக உழுத வண்டி இன்று சட்டென்று மறுத்தால், பெரும்பாலும் கோளாறு கரன்ட்டிலோ டீசல் பாதையிலோ இருக்கும். உடனே "இன்ஜின் வேலை, இறக்கணும்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாகவே பேசுங்கள்.

எப்படி நின்றது என்பதும் துப்புதான். குதித்து, ஏங்கி, மெல்ல நின்றால் டீசல் போதவில்லை. பளிச்சென்று சாவி திருப்பியதுபோல நின்றால் ஸ்டாப் கேபிள் பக்கம் போங்கள். சூடேறி, சத்தம் மாறி, இறுகி நின்றிருந்தால் மறுபடி செல்ஃப் அடிக்கவே வேண்டாம், மெக்கானிக் வரட்டும்.

இன்ஜினே சுற்றவில்லை என்றால்…

முதலில் கூச்சப்படாமல் எளிய விஷயங்களைப் பாருங்கள். பல மாடல்களில் கியர் அல்லது ஹை-லோ லிவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட்டே போகாது. சிலவற்றில் கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டும்.

அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லை டெர்மினலில் பிடிமானம் இல்லை. விளக்கு அப்படியே பளிச்சென்று எரிந்து, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் சோலினாய்டு அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் மேல் சந்தேகப்படலாம். டெஸ்டர் இருந்தால் இன்னும் சுலபம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அது போதாது.

பேட்டரி மேல் பழி போடும் முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, சோடா உப்புக் கலந்த வெந்நீர் ஊற்றித் தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பலர் மறப்பது பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயரை. அதன் மறுமுனை போல்ட் துருப்பிடித்திருந்தால், புது பேட்டரி வாங்கி வைத்தாலும் இதே கதைதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாவி வேலை செய்யாதபோது தரையில் நின்றபடி, செல்ஃப் மோட்டார் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்படிச் செய்யும்போது நியூட்ரல் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. வண்டி கியரில் இருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் நகரும். தொட்டுக்கொண்டிருப்பவர் நிற்பது பின்சக்கரத்தின் பாதையில். உலகம் முழுக்க டிராக்டர் உயிரிழப்புகளுக்கு அறியப்பட்ட ஒரு காரணம் இது. பெரியப்பாவும் இதைச் செய்யக் கிளம்பினார். "ஒரு தடவதான்டா" என்றார். நான் டிரைவரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு ஆபத்து மழைக்காலத்தில் வரும். சைலன்சர் மேல் தகர டப்பாவோ கொட்டாங்குச்சியோ கவிழ்த்து வைப்பது சும்மா இல்லை. திறந்த சைலன்சர் வழியாக மழைநீர் இறங்கிச் சிலிண்டருக்குள் தேங்கிவிடும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. செல்ஃப் அடித்ததும் இன்ஜின் "தொக்" என்று முட்டி நிற்கும். அதற்கு மேல் வம்பு செய்தாலோ, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தாலோ கனெக்டிங் ராடு வளையும். டப்பா இல்லாமல் மழையில் நனைந்த வண்டி என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இப்போது மெக்கானிக் அண்ணனின் கேள்விக்கு வருவோம். வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுச் சைலன்சரைப் பாருங்கள். ஒரு முறைக்கு 10-15 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா, டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் அழுத்தம் குறைந்திருக்கலாம்.

புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. எங்கள் வண்டியில் இதுதான்.

புகை இல்லாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் கேபிள். வண்டியை நிறுத்த இழுத்த குமிழைத் திரும்ப உள்ளே தள்ள மறந்திருப்போம். குமிழ் உள்ளே போயிருந்தும் பம்ப் பக்கத்தில் லிவர் திரும்பாமல் சிக்கியிருக்கும். கையால் லிவரைத் தள்ளிப் பாருங்கள். அரை நாள் போராடி, கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிறகு டேங்க். டீசல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, மூடியில் உள்ள சின்னத் துளை அடைத்திருக்கிறதா? அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும். சேறோ குளவிக்கூடோ அதை அடைத்தால், வண்டி ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரம் ஓடி, ஏங்கி நிற்கும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அதுதான் குற்றவாளி.

எங்கள் கதையில் குளவி இல்லை. முதல் நாள் சாயங்காலம் மழை தூறியபோது, டீசலில் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே என்று பெரியப்பா மூடி மேல் பாலித்தீன் பையைப் போட்டு, பழைய சைக்கிள் டியூப்பால் இறுகக் கட்டியிருந்தார். காலையில் அவிழ்க்கவில்லை. நாங்கள் பார்த்தபோது பை மூடியோடு தோல்போல ஒட்டி, உள்வாங்கியிருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். "அட, இதையா..." என்று அவர் தலையில் கைவைத்தார்.

பையை எடுத்தால் போதாதா?

போதவில்லை. டேங்க்கில் காற்றழுத்தம் குறைந்தபோது ஃபீட் பம்ப் எங்கிருந்தாவது இழுக்கத்தானே பார்க்கும்? நசுங்கிப்போன பழைய செப்பு வாஷர் வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டது. மெக்கானிக் மொழியில் "ஏர் புடிச்சிருச்சு". டீசல் பம்ப் வேலை செய்வதே டீசலைச் சுருக்க முடியாது என்பதால்தான். நடுவில் காற்று இருந்தால் பம்ப் அந்தக் காற்றைச் சுருக்கிச் சுருக்கி விடும், இன்ஜெக்டர் திறக்காது. டேங்க் முழுக்க டீசல் இருந்தும் வண்டிக்குப் பட்டினி.

இங்கே ஒரு நுணுக்கம். டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம். "எங்கயும் ஒழுகலையே" என்பது அதனால் சமாதானம் ஆகாது.

ஏர் எடுக்கும் முறை, போனில் அண்ணன் சொன்ன வரிசையிலேயே: ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஃபீட் பம்ப்பின் கை லிவரை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். லிவரை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டு ஃபில்டர் இருந்தால் டேங்க் பக்கம் உள்ளது முதலில். அடுத்து இதேபோல டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. லிவர் பிடிமானமே இல்லாமல் தளதளவென்று ஆடுகிறதா? லிவர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே கேம் தூக்கிய நிலையில் நின்றிருக்கும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றி நிறுத்திவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கும். இது தெரியாமல் நான் கால் மணி நேரம் வீணாக அடித்தேன்.

கடைசியாக இன்ஜெக்டரில் சேரும் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்கக் கொடுத்து, செல்ஃப் அடிக்க வேண்டும். குமிழி நின்று டீசல் விட்டு விட்டுப் பீய்ச்சினால் இறுக்கிவிடலாம். அந்த இடத்தில் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். உயர் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல சின்னதாகத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்தபின், அந்த ரகங்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் இன்ஜின்கள் வந்துவிட்டன. அவற்றில் ஹை பிரஷர் பைப்பை வயலில் வைத்துத் தளர்த்தவே கூடாது.

ஏர் எடுத்த பிறகும் மறுபடி மறுபடி ஏர் பிடித்தால், கோளாறு எந்தப் பக்கம் என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. சுத்தமான டீசல் நிரப்பிய கேனை இன்ஜினைவிட உயரத்தில் வைத்து, ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஓடினால் தப்பு டேங்க் பக்கம். அப்போதும் ஓடாவிட்டால் ஃபீட் பம்புக்கு அந்தப் பக்கம் தேடுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

டீசல் பம்பை வீட்டில் பிரிக்காதீர்கள். பழைய ஆட்கள் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள். 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியும் வாயில் பெயர் மாறவில்லை. அதன் உள்பாகங்களின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமானது. அதற்கென்று டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன, அங்கே போவதுதான் சரி. ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடிப்பதும் வேண்டாம். பிடித்தால் எந்தப் பக்கம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் வண்டிக்குப் பக்கத்து வயல்காரரின் பேட்டரியை இரவல் வாங்கினோம். மூன்று இன்ஜெக்டரில் இரண்டில் டீசல் பீய்ச்சியபோதே இன்ஜின் தடதடத்துப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது தானாக வழிக்கு வந்தது. மணி அப்போது பதினொன்றரை. பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்து கேஜ் வீலோடு வயலில் இறங்கினார். விளக்குப் போட்டு எட்டரை மணி வரை சேறடித்தார். மறுநாள் நடவு நடந்தது.

அந்தச் செப்பு வாஷரை இரண்டு நாள் கழித்து டவுனுக்குப் போய் வாங்கி மாற்றினோம். மூடிக்கு இப்போது தேங்காய் எண்ணெய் டப்பாவின் பாதி. கட்டுவதில்லை, கவிழ்த்து மட்டும் வைக்கிறார்.