தடை தாண்டும் குதிரைக்கு எது கண்ணில் படுகிறது?

ஒரு குதிரை மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வருகிறது. எடை ஏறத்தாழ 500 கிலோ. முதுகில் ஒரு வீரர். எதிரே உங்கள் மார்பளவு உயரத்தில் ஒரு தடை. விநாடிக்கு 14 மீட்டரைக் கடந்துகொண்டே, எந்த இடத்தில் காலூன்றித் தாவ வேண்டும் என்று குதிரைதான் முடிவு செய்ய வேண்டும். கணக்குத் தப்பினால் இருவரும் விழுவார்கள். சில வேளைகளில் குதிரை மீண்டும் எழுவதே இல்லை.

இத்தகைய பந்தயங்களுக்குப் பேர்போன இடம், அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் தெற்குப் பகுதியில் உள்ள லெப்பர்ட்ஸ்டவுன். 1888-இல் திறக்கப்பட்ட திடல் இது. (பெயரைக் கேட்டுச் சிறுத்தையைத் தேடாதீர்கள். 'தொழுநோயாளிகளின் ஊர்' என்று பொருள்படும் ஐரிஷ் பெயர்தான் இப்படித் திரிந்துவிட்டது.) இங்கு இரண்டு பெரிய விழாக்கள் உண்டு. ஒன்று கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கி நான்கு நாள் நடக்கும். மற்றொன்று, 2018 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில் நடைபெறும் டப்ளின் பந்தய விழா. ஐரிஷ் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை ஹரிக்கேன் ஃபிளை என்ற குதிரை 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது இந்தத் திடலில்தான்.

இரண்டு விழாக்களுமே குளிர்காலத்தில் வருவதற்குக் காரணம் மழை. தாவி இறங்கும் குதிரையின் எடை முழுவதும் ஒரு கணம் முன்னங்கால்களின் மேல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது என்றே சொல்லலாம், எலும்பும் தசைநாண்களும்தான். அதிர்ச்சியில் ஒரு பங்கை ஈரமண் வாங்கிக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரி விழாவில் தரை எதிர்பார்த்ததைவிட வறண்டு கிடந்தது. பயிற்சியாளர்கள் பல குதிரைகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

ஆனால் குளிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்குப் போட்டே அதைப் பார்த்துவிடலாம். டப்ளின் வட அட்சரேகை 53 பாகையில் உள்ளது. டிசம்பர் இறுதியில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 23 பாகையில் நிற்கிறது. 90-இலிருந்து இரண்டையும் கழியுங்கள். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான்! பிப்ரவரித் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 பாகை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நண்பகல் சூரியன் 60 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. அதனால் நம் திடல்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பிற்பகல் வெயில் நேரே கண்ணில் குத்தும்; தடை வெறும் நிழலாகிவிடும். அப்போது அந்தத் தடையைத் தவிர்த்து, பக்கவாட்டில் ஓடச் செய்வார்கள். பார்வையாளர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் உயிர்ச் சேதத்தைவிட அது மேல்.

வெயில் இல்லாத நாளிலும் குதிரையின் கண் நம் கண் அல்ல. நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. குதிரைக்கு இரண்டே வகை. நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். செம்மஞ்சளையும் பச்சையையும் பிரித்தறியத் தடுமாறும். போதாக்குறைக்கு, மூக்குக்கு நேர்முன்னே ஒரு பகுதி அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே தடை நெருங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பிரிட்டனில் தடைகளின் விளிம்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பூசிவந்தது செம்மஞ்சள் வண்ணம். மனிதக் கண்ணுக்குப் 'பளிச்'. குதிரைக்கோ புல்லோடு புல். எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரையின் பார்வையைக் கொண்டு சோதித்தபோது, வெள்ளை வண்ணம் புல்வெளிப் பின்னணியில் தெளிவாகத் துலங்கியது. 2022 முதல் அங்கே தடைகளின் செம்மஞ்சள் பகுதிகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கினார்கள். அந்த வண்ணத்தைத் தேர்ந்தெடுத்த நாளில் குதிரையின் கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை போலும்.