மாமன் மகளும் பேராதனைப் பூவும்

பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின் யாரைக் கட்டிக்கொண்டார் தெரியுமா? சொந்தத் தாய்மாமன் மகள் எம்மாவைத்தான்! பிள்ளைகள் நோயில் வாடியபோது, உறவுக்குள் முடித்ததுதான் காரணமோ என்று தவித்துப் போனார் மனிதர். நெருங்கிய இனக்கலப்பு என்ன செய்யும் என்று வருடக்கணக்காகச் செடிகளில் ஆராய்ந்தார். தன் மகரந்தத்தாலேயே காய்த்த செடிகளின் கன்றுகள் பெரும்பாலும் நலிந்தே வளர்ந்தன.

அவருடைய பூ ஆராய்ச்சிக்கு நம்ம இலங்கைப் பக்கமிருந்தும் உதவி போயிருக்கிறது. பேராதனைப் பூங்காவின் அன்றைய பணிப்பாளர் ஜார்ஜ் துவெய்ட்ஸ், இலங்கையில் நீரில் மிதந்து பூக்கும் ஒரு வெள்ளைப் பூவை அனுப்பி வைத்தார். அதில் இரண்டு வகை. ஒன்றின் மகரந்தம் மற்றதைச் சேரும்படி இயற்கை செய்த ஏற்பாடு. 1877இல் வெளிவந்த டார்வினின் நூலில் அந்தப் பூவும் இருக்கிறது, துவெய்ட்ஸின் பெயரும் இருக்கிறது.