துறைமுக நகரில் ஒரு பொதுக் கட்டடம்

இல்லம் அமைப்போன் தன் பொருளைச் செலவிடுகின்றான். பொதுக் கட்டடம் அமைப்போர் மக்கள் பொருளைச் செலவிடுகின்றனர். கட்டி முடித்த நாளோடு அச்செலவு ஒழிவதன்று. பிழைபட அமைந்த சுவர், மின்கட்டண வடிவில் ஆண்டுதோறும் பொருளை உண்ணும். ஆதலின், திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அலுவலகமும் ஆய்வுகூடமும் ஒருங்கே கொண்ட கட்டடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

முதலில் நோக்கற்பாலது திசை. இந்நகர் வட அகலக்கோடு ஏறத்தாழ 8½ பாகையில் உள்ளது. ஏப்பிரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட திங்கள்களில் வடபாற் சாயும். ஆகவே தென்சுவருக்கேயன்றி வடசுவருக்கும் இறவாரம் வேண்டும். காலை மாலைத் தாழ்வெயிலை இறவாரம் தடுக்கமாட்டாது. எனவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அவ்விரு புறச் சுவர்களும் குறுகியிருத்தல் நன்று.

அடுத்தது காற்று. வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும்; கச்சான் தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து, வறண்டு, வெம்மையோடு வரும். எல்லாக் காற்றும் இனியதன்று. ஆதலால் வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் இயலும் சாய்பலகைச் சாளரங்களே பொருந்துவன.

அலுவலகத்திற்கு இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென அமைத்த உயர்மாடிக் கட்டடத்தில், இயற்கைக் காற்று அறைகளூடே செல்லுமாறு வழி வகுத்தார். மாடி உயர்ந்தால் குளிரூட்டி இன்றியமையாதது என்னும் எண்ணத்தை அது மறுத்தது.

ஆய்வுகூடத்திற்கோ இம்முறை முற்றும் ஒவ்வாது. நச்சாவியை அகற்றும் கூண்டின் முன் குறுக்கே காற்று வீசின், ஆவி அறைக்குள்ளே திரும்பும். சாளரத்தை மூடி அறையைக் குளிரூட்டினாலோ, குளிர்ந்த காற்றையே அக்கூண்டு இடையறாது வெளியே தள்ளும், மின்செலவு பெருகும். ஆகவே இரு பகுதிகளையும் ஒரே கூரையின்கீழ்க் கலத்தல் தகாது. முற்றமொன்றை நடுவே விட்டு, அலுவலகத்தைத் திறந்த பகுதியாகவும் ஆய்வுகூடத்தை அளவிற் சிறிய மூடிய பகுதியாகவும் அமைத்தல் வேண்டும். காற்று பருவந்தோறும் திசை மாறுதலின், ஆவிப்போக்கி எத்திசையில் இருப்பினும் தீங்குண்டு. அது கூரைக்கு மேல் நன்கு உயர்ந்திருத்தலே காப்பு.

மழை ஆண்டிற்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையிலேயே பெய்கின்றது. 1,000 சதுர மீற்றர்க் கூரையில் விழும் நீர் 16 இலட்சம் லீற்றராகும். அதில் ஒரு பகுதியைத் தேக்கினும், கோடையில் கழிவறைக்கும் மரஞ்செடிகளுக்கும் கிணற்றை வருத்த வேண்டியதில்லை. உவர்க்காற்று இரும்பை அரிப்பதாதலின், கம்பியை மூடும் கொங்கிறீற்று தடித்ததாய், வெடிப்பற்றதாய் இருத்தலும் இன்றியமையாதது.

இவற்றுட் பெரும்பாலானவை வரைபடத்தில் செலவின்றித் திருத்தக்கூடியன. சுவர் எழுந்தபின் திருத்துவது அரிது. அப்பிழையின் விலையை இறுப்போர் பின்வரும் தலைமுறையினரே.