இணைப்பு இருவழியா? மறுமுனையில் சோதித்துப் பாருங்கள்!

மாணவர்களே, பண்டார் தெங்காராவில் உள்ள கடைகள், மன்றங்கள், டியூஷன் வகுப்புகள் ஆகியவற்றின் அகப்பக்கங்களை ஒரே பட்டியலாகத் தொகுக்க உங்கள் பள்ளிக் கணினி மன்றம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை ஒன்றுதான். “உங்கள் பக்கத்திற்கு நாங்கள் இணைப்பு தருகிறோம், எங்கள் பட்டியலுக்கு நீங்கள் இணைப்பு கொடுங்கள்.” இதுதான் பரஸ்பர இணைப்பு. “கொடுத்துவிட்டோம்” என்று எல்லாரும் பதில் அனுப்புகிறார்கள். அது உண்மையா என்பதை எப்படி அறிவது?

உங்கள் பட்டியலை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது. ஏனென்றால் இணையத்தில் இணைப்பு என்பது ஒருவழிப் பாதை. 1960களிலேயே டெட் நெல்சன் என்ற அமெரிக்கர், இரு முனைகளும் ஒன்றையொன்று அறியும் இருவழி இணைப்புகளைக் கற்பனை செய்தார். ஆனால் 1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்து உருவாக்கிய வைய விரிவு வலையில் ஒருவழி இணைப்பே அமைந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் யாருக்கும் இணைப்பு தரலாம். வலை வேகமாக வளர அது உதவியது. அதற்கு ஒரு விலையும் உண்டு. மறுமுனையில் பக்கம் அழிக்கப்பட்டாலும் இந்த முனைக்குத் தெரியாது.

இணைப்புக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு மாணவர்கள் தொகுத்த இணையத்தளப் பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்திற்கு வரும் இணைப்புகளை வாக்குகளைப்போல் எடைபோடுவது அவர்கள் முறை. வாக்குக்கு மதிப்பு வந்ததும் பண்டமாற்றும் வந்தது, ஏமாற்றும் வந்தது. அளவுக்கு மீறிய இணைப்புப் பண்டமாற்றைக் கூகுள் இன்று விதிமீறலாகவே கருதுகிறது. ஆகவே வாசகருக்குப் பயன்படும் இணைப்பை மட்டுமே பட்டியலில் சேருங்கள்.

இனி, சோதனைக்கு வருவோம்.

முதலாவது, மறுமுனைப் பக்கம் திறக்கிறதா? சர்வர் 200 என்ற எண்ணை அனுப்பினால் பக்கம் கிடைத்தது என்று பொருள். 404 என்றால் பக்கம் அங்கே இல்லை.

இரண்டாவது, உங்கள் முகவரி அங்கே உண்மையான இணைப்பாக இருக்கிறதா, வெறும் எழுத்தாக இருக்கிறதா? சொடுக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, முகவரி எழுத்துக்கு எழுத்து சரியா? ஓர் எழுத்து மாறினாலும் வேறு இடத்திற்குப் போய்விடும்.

நான்காவது, உலாவியில் கண்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தி, பக்கத்தின் மூல நிரலைப் பாருங்கள். உங்கள் முகவரிக்கு அருகில் ‘நோஃபாலோ’ என்ற சொல் இருக்கிறதா? 2005இல் அறிமுகமான இக்குறிப்பு, “இதை என் பரிந்துரையாக எண்ணாதே” என்று தேடுபொறிக்குச் சொல்கிறது. மனிதர் சொடுக்கினால் இணைப்பு வேலை செய்யும். தேடுபொறிக்கு மட்டும் வேறு செய்தி போகும்.

இந்த நான்கையும் ஒரு சிறு நிரல் நொடிகளில் செய்துவிடும். நிரலுக்கு எட்டாத ஐந்தாவது சோதனை ஒன்று உண்டு. பதிவுக்காலம் முடிந்த இணைய முகவரியை வேறொருவர் வாங்கிவிடலாம். நேற்று டியூஷன் வகுப்பு இருந்த இடத்தில் இன்று சூதாட்டப் பக்கம் இருக்கலாம். அப்போதும் சர்வர் 200 என்றே சொல்லும்! உங்கள் பட்டியலை நம்பிச் சொடுக்கிய படிவம் 1 மாணவர் அங்கே போய் நிற்பார். ஆகவே ஒரு மனிதர் பக்கத்தைத் திறந்து படித்தே ஆக வேண்டும்.

இணைப்புகள் பெருகினால் சோதனையும் பெருகும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரைப் பற்றி ஐந்து மொழிகளில் கட்டுரை இருந்தால், முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டுரையிலும் மற்ற நான்கிற்கும் இணைப்பு எழுத வேண்டும். 5 × 4 = 20 இணைப்புகள். ஐம்பது மொழிகள் என்றால் 50 × 49 = 2,450! விட்டுப்போனவற்றைத் தேடித் திருத்தவே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. 2013 மார்ச்சுக்குள் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் இந்த இணைப்புகளை அங்கிருந்து பெறத் தொடங்கின. இப்போது ஐந்து கட்டுரைகளும் ஒரே பதிவில் சேர்கின்றன. இருபது இணைப்புக்குப் பதில் ஐந்து போதும். ஒரு தகவலை ஒரே இடத்தில் வைத்தால் பிழை நுழையும் வாசல்களும் குறையும்.

செய்து பாருங்கள்: உங்களுக்குப் பிடித்த ஓர் இணையத்தளத்தில் பத்து இணைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். தேதி, திறந்ததா, சரியான பக்கமா, பதில் இணைப்பு உண்டா என நான்கு கட்டங்கள் உள்ள அட்டவணையில் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பத்தையும் மீண்டும் சோதியுங்கள். எத்தனை மாறியிருக்கின்றன? தேதியை ஏன் குறிக்கச் சொன்னேன் என்பது அப்போது புரியும். இணைப்பு சரி என்பது சோதித்த நாளுக்கு மட்டுமே உண்மை.