செவிலியர் உத்தியோகமும் அதன் படிகளும்

செவிலி என்பது தமிழில் மிகப் பழைய சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியை எடுத்து வளர்க்கும் தாய்க்கு அது பெயர். நோயாளியைப் பேணுகிறவருக்கு அதனையே நாம் இன்று வழங்குகிறோம். ஆயினும் வார்டில் அப்பெயரைச் சொல்லி அழைப்பார் இல்லை. தமிழர், பஞ்சாபியர், வங்காளியர் எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’தான். ‘சிஸ்டர்’ என்பது வெறும் மரியாதைச் சொல்லன்று. ஸ்டாப் நர்சுக்கு மேற்பட்ட பதவிக்கு ‘நர்சிங் சிஸ்டர்’ என்பதே நெடுநாள் பெயராக இருந்தது. 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு முன்னதை ‘நர்சிங் அதிகாரி’ என்றும், பின்னதை ‘முதுநிலை நர்சிங் அதிகாரி’ என்றும் மாற்றியது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இம்மாற்றம் சற்று இடறலாகவே இருக்கிறது. அதிகாரி என்ற சொல்லில் மதிப்பு ஏறியிருக்கிறது. பேணுதல் என்ற பொருள் எங்கோ நழுவிவிட்டது.

இத்தொழிலைப் பட்டப்படிப்பாக நம் நாட்டில் கற்பிக்கத் தொடங்கியது 1946-ஆம் ஆண்டில். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் அவ்வாண்டே அது தொடங்கிற்று. தில்லிக் கல்லூரி இப்போது சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒரு வழி. மூன்றாண்டு டிப்ளமோ மற்றொரு வழி. மத்திய அரசின் எய்ம்ஸ் நிறுவனங்களில் சேர விரும்புவோர், தில்லி எய்ம்ஸ் 2020 முதல் நடத்திவரும் ‘நார்செட்’ என்னும் பொதுத் தேர்வை எழுத வேண்டும். பட்டதாரிகள் நேரே எழுதலாம்; டிப்ளமோ பெற்றவர்களோ குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இரண்டாண்டு பணியாற்றியிருத்தல் வேண்டும். நூற்றுக்கு எண்பது இடங்கள் பெண்களுக்கு உரியன.

வேலை மூன்று முறைகளாக நடக்கிறது: காலை, மாலை, இரவு. இவற்றுள் இரவு முறையே நீளமானது. முறை மாறும்போது போகிறவரும் வருகிறவரும் படுக்கை படுக்கையாகச் சென்று, இவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு, இவருக்குச் சிறுநீர் எவ்வளவு இறங்கிற்று, இவர் காலை அறுவைச் சிகிச்சைக்காக உண்ணாதிருக்க வேண்டியவர் என்று சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பார்கள். டாக்டர் வந்து போவார். நோயாளியின் முகம் மாறுவதை முதலில் காண்பவர் செவிலியே. இதனுடன் மருந்துக் கணக்கு, துணிக் கணக்கு, கருவிகளின் கணக்கு ஆகியவையும் அவர் தலையில் விழுகின்றன. அறிக்கை எழுதி முடிக்கப் பணி நேரம் போதாமல் அரைமணி கூடுதலாக உட்காருவது எந்த ஊரிலும் காணக்கூடியதே.

இனி உத்தியோகப் படிகள். ஏழாவது சம்பளக் கமிஷனின்படி நர்சிங் அதிகாரிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900. முதுநிலை நர்சிங் அதிகாரி, உதவிக் கண்காணிப்பாளர், துணைக் கண்காணிப்பாளர், கண்காணிப்பாளர் என்று படிகள் மேலே செல்கின்றன. பெரிய நிறுவனங்களில் தலைமை நர்சிங் அதிகாரியும் உண்டு. ஏணி நீளமானதுதான், ஆனால் மேலே போகப் போகப் படிகளில் இடம் மிகக் குறைவு. பதவி உயர்வு கிட்டாதோருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் சம்பள நிலையை மட்டும் உயர்த்தும் ஏற்பாடு 2008 முதல் மத்திய அரசுப் பணியில் உள்ளது. பையில் பணம் கூடுகிறது. கையில் வேலை மாறுவதில்லை. உயர்வு கிட்டினால் மற்றொரு விசித்திரம் நேர்கிறது. இருபதாண்டு அனுபவத்தால் நாடி பார்க்குமுன்பே ஆபத்தை உணரக் கற்றவரை வார்டிலிருந்து பெயர்த்து, பணிமுறைப் பட்டியலுக்கும் விடுப்பு விண்ணப்பங்களுக்கும் நடுவில் அமர்த்திவிடுகிறோம். நோயாளியின் அருகிலேயே இருந்துகொண்டு உயர்வதற்கு நம் அமைப்பில் வழி மிகக் குறுகலானது. இத்தொழிலின் பெருங்குறை இதுவென்றே நாம் கருதுகிறோம். முதுகலைப் பட்டம் பெற்றுக் கற்பிக்கும் பணிக்குச் செல்வோரும் உளர். அவர்களையும் வார்டு இழக்கத்தான் செய்கிறது.

தனியார் மருத்துவமனைகளின் நிலை வேறு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட ஆணையின் பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் வேண்டும். 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடத்திலும் மாதம் ரூ.20,000-க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, சட்டம் வேறு. அதனை நடைமுறைக்குக் கொணரும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளம், செவிலியரின் நீண்ட போராட்டத்திற்குப் பின், 2018-இல் குறைந்தபட்சச் சம்பளத்தை ரூ.20,000 ஆக்கியது. ஆகவே, வேலையில் சேருமுன் அந்த மாநிலத்தில் என்ன ஆணை உள்ளது என்று விசாரித்தறிதல் நலம். மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டுவதில்லை.

தாயகம் விட்டு வந்த நம்மவர்க்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. செவிலியர் பதிவு மாநிலவாரியானது. தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிந்த பெயர் தில்லியிலோ மும்பையிலோ தானாகச் செல்லுபடியாவதில்லை. தமிழ்நாட்டுக் கவுன்சிலிடம் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, வந்து சேர்ந்த மாநிலத்தில் மீண்டும் பதிய வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தேசிய நர்சிங், மகப்பேற்றுப் பணிக் கமிஷன் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரு பதிவேட்டுக்கு வகை செய்துள்ளது. ஆயினும் வேலை தேடிப் புறப்படுவோர் இரு மாநிலக் கவுன்சில்களையும் முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

இங்கே நமக்கென்றே அமைந்த ஒரு சிக்கலும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுவது நம் வழக்கம். வட மாநிலப் படிவங்களிலோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், பதிவுச் சான்றிதழில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பு மாதக்கணக்கில் நிற்கும். மகளையோ மகனையோ இப்படிப்பில் சேர்ப்போர், சேர்க்கும் நாளிலேயே பெயரை எல்லாத் தாள்களிலும் ஒரே வடிவில் அமைத்துக்கொள்ளட்டும்.