கணவாயைத் தாண்டாத சோலைக்கிளி

பெயரில் கிளி இருக்கிறதே தவிர, இது கிளி இனம் இல்லை. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள பாட்டுப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளில் மட்டும்தான் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது.

கொடைக்கானல் பக்கம் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. உடல் கருநீலம், வயிறு வெள்ளை, நெற்றியை ஒட்டிக் கண்ணுக்கு மேலே வெளிர்நீலக் கீற்று. நீலகிரியில் இருப்பதற்கு வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு. ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரித்தறிவது கடினம்.

இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணில் படுவது அபூர்வம். நீண்ட கால்களால் சருகின் மேல் தத்தித் தத்திப் போகும். சட்டென்று நின்று நிமிரும். ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு புதருக்குள் மறைந்துவிடும். வெளிச்சம் மங்கலான வேளைதான் அதற்குப் பிடிக்கும். ஆகவே அதிகாலையில் காதைத் தீட்டிக்கொள்வதே நல்லது: கணீரென்ற சீழ்க்கை, இடையிடையே கரகரப்பு, மறுபடி சீழ்க்கை. மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியால் கூடு கட்டி, பெரும்பாலும் 2 முட்டை இடும்.

என்னைக் கேட்டால், இந்தப் பறவையின் அழகைவிட அதன் வாழிட வரைபடம்தான் சுவாரசியம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி முதல் பாபாபூதன் மலை வரை ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இன்னொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் உள்ளவை அதிலும் தனிக் கிளை. குளிர்ந்த சோலைக்குப் பழகிய பறவை வெப்பமான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. ஆகவே அந்தந்த மலையிலேயே அடைபட்டுத் தனித்தனியே பரிணமித்திருக்கிறது. மரபணு ஆய்வுக்குப் பின், 2017இல்தான் இவற்றுக்கெனத் தனிப் பேரினமே வகுத்தார்கள்.

மலைச் சோலை கடல் நடுவே தீவு மாதிரி. ஒரு சோலையை வெட்டினால் அங்கிருக்கும் பறவை அடுத்த மலைக்குக் குடிபோக முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி தேயிலை, சீகை, தைல மரத் தோட்டங்கள் மலைகளை மூடிக்கொண்டே வந்தன. நீலகிரிச் சோலைக்கிளி இன்று அழியும் அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

படம் எடுப்பதற்காகக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது பதறிக் கூட்டை விட்டு ஓடிவரும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.