கணினி வாய் திறக்க வேண்டுமானால்...

கணினியில் படம் வருகிறது, எழுத்து வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. வீட்டில் என்றால் யாராவது தட்டிக்கொட்டிச் சரி பண்ணிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக் கணினிகளில் இப்படி நடந்தால்? நம் திருவனந்தபுரத்தை வைத்தே இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி வைத்தது இந்த ஊரில்தான். பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் திருத்தியமைத்துத் தந்த 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் இங்கிருந்தே நடந்தது. 2017ல் அது 'கைட்' நிறுவனமானது. 2018ல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. அத்தனைக்கும் ஒரே இயங்குதளம்; கணினிகளோ பல மாதிரி.

சிக்கல் எங்கே? பல கணினிகளில் ஒலி அட்டை இரண்டு இருக்கும். ஒன்று ஸ்பீக்கருக்கு, மற்றொன்று புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பிக்கு. எச்டிஎம்ஐ முந்திக்கொண்டு 0 என்ற எண்ணைப் பிடித்துவிட்டால் ஸ்பீக்கர் ஊமைதான்!

2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 முதல், ஒலி அட்டையோடு பேசுவது 'அல்சா' என்னும் அடுக்கு. எட்ஸி கோப்புறையில் 'அசவுண்ட்.கான்ஃப்' என்ற கோப்பை வைத்து, எந்த அட்டை முதன்மை என்று அதற்குச் சொல்லலாம். அங்கே எண்ணுக்குப் பதில் அட்டையின் பெயரைக் கொடுப்பதே நல்லது. எண் மாறலாம், பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. அல்சாவுக்கு மேலே 'பல்ஸ் ஆடியோ' இருக்கிறது, உபுண்டு 22.10 முதல் அந்த இடத்தில் 'பைப்வயர்'. அதற்கும் தனியே சொல்லியாக வேண்டும். மேலடுக்கு வேறு அட்டையைத் தேர்ந்தெடுத்தால் கீழே எழுதியது பலிக்காது.

ஒலியளவு விஷயம் வேறு. 'அல்சாசிடிஎல்' கட்டளை அதைச் சேமித்து வைக்கும். ஆனால் அது ஒருத்தர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. இன்னொரு மாடல் கணினிக்குப் பொருந்தாது. இயங்குதளத்தைக் கட்டும்போது கூண்டுக்குள் இருக்கும் அமைப்புக்குப் பள்ளிக்கூடத்து ஒலி அட்டை தெரியவும் தெரியாது. ஆகையால் முதல்முறை கணினி எழும்போது, இருக்கும் அட்டையைப் பார்த்து, மூடிய ஒலியைத் திறந்து, அளவை நடுத்தரமாக வைக்கும் சிறு நிரலைச் சேர்ப்பதே சரியான வழி.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். பார்வையற்ற மாணவனுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது 'ஓர்கா'. அதற்குக் குரல் தரும் 'ஈஸ்பீக்' தமிழும் மலையாளமும் பேசும். சத்தம் வராவிட்டால், சத்தத்தைச் சரிசெய்யும் பட்டியலைக்கூட அந்தப் பிள்ளையால் தேட முடியாது. பிறர் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வூரில் கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். இயங்குதளம் கட்டுகிறவர்கள், வெளியிடும் முன் நாலைந்து மாடல் கணினிகளில் திரையை அணைத்து, காதால் மட்டும் சோதித்துப் பாருங்கள்.